குண்டு போன இடம்

துப்பாக்கி என்றதும் காவல் நிலையமும் காட்டு வேட்டையும் நினைவுக்கு வருவது இயல்பு. நான் துப்பாக்கி பிடிக்கிறேன் என்று விடுதியில் தெரிந்த நாள்முதல், நண்பர்கள் என்னைக் கண்டால் இரு கைகளையும் உயர்த்திச் சரணடைவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் அனைவருக்கும் ஒரே விடையாக இதை எழுதுகிறேன்.

நான் பிடிப்பது காற்றுத் துப்பாக்கி. அதில் வெடிமருந்து இல்லை. அடைத்து வைத்த காற்றே நாலரை மில்லிமீட்டர் ஈயக்குண்டைத் தள்ளுகிறது. இலக்கு இருப்பது 10 மீட்டர் தொலைவில். அதன் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். சுடுகிற குண்டு அதைப்போல ஒன்பது மடங்கு அகலம்! 2008-ம் ஆண்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்திரா தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம் பெற்றதும் இதில்தான். அந்த இனிய தமிழ்ப் பெயரைப் படித்த அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. சனி, ஞாயிறுகளில் பாலக்காட்டில் பயிற்சி. முதல் இரண்டு வாரம் ஆசான் ஒரு குண்டுகூடத் தரவில்லை. ஐந்து கிலோவை நெருங்கும் துப்பாக்கியைத் தூக்கி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். தசையின் பலத்தால் தாங்கினால் கை நடுங்கும்; எலும்பின் மேல் சுமையை இறக்கினால் நிலைக்கும்.

பறவையின் கண்ணை மட்டும் பார்த்த அருச்சுனன் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அடுத்த பாடம் வியப்பாக இருந்தது. “இலக்கைப் பார்க்காதே. குழல் முனையில் உள்ள வளையத்தைப் பார்” என்றார் ஆசான். கண்ணால் ஒரே நேரத்தில் இரண்டு தொலைவுகளைத் தெளிவாகக் காண இயலாது. வளையம் தெளிவாக இருந்தால், மங்கலான இலக்கு அதன் நடுவே வந்து அமரும். மூச்சைச் சிறிது விட்டு நிறுத்தி, எட்டுப் பத்து வினாடிக்குள் விசையை மெல்ல அழுத்த வேண்டும். முடியாவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்திவிட வேண்டும். தாழ்த்தத் தெரியாதவனுக்குச் சுடவும் தெரியாது.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு குண்டும் பாய்ந்தவுடன், இலக்கு அட்டையைப் பார்க்குமுன், ஆசான் மலையாளத்தில் கேட்பார்: “எவிடெ போயி?” எங்கே போயிற்று என்று நானே சொல்ல வேண்டும். “வலப்பக்கம், கீழே, எட்டு” என்பேன். பெரும்பாலும் பிழையைச் சற்றுக் குறைத்தே சொல்வேன். “அட்டையைப் பார்த்த பிறகு யாரும் சொல்லலாம், பார்க்குமுன் சொல்லு” என்பார்.

முதல் போட்டி இடுக்கி மாவட்டத்தில். நுழைவுக் கட்டணத்துக்கும், பழைய சட்டை ஒன்றை விலைக்கு வாங்குவதற்கும் பணம் வேண்டியிருந்தது. தேர்வுக் கட்டணம் என்று அப்பாவிடம் பொய் சொல்லி வாங்கினேன். அப்பா தோப்புகளில் தேங்காய் உரிப்பவர். காயை எண்ணிக் கூலி வாங்குபவர்.

துப்பாக்கி ஆசானின் காரில் திருச்சூர் வழியாகச் சென்றது. நான் பொள்ளாச்சி, உடுமலை, சின்னார் வழியாக மறையூருக்குப் பேருந்தில் போனேன். கேரளத்தில் ஏறி, தமிழ்நாட்டைக் கடந்து, மீண்டும் கேரளத்தில் இறங்குவது எங்கள் எல்லை மக்களுக்குப் பழகிய பயணம். சின்னார் வனவிலங்குச் சரணாலயம். துப்பாக்கியோடு போகக்கூடிய வழியன்று.

மறையூரில் பெரியம்மா வீட்டில் இராத் தங்கினேன். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை 2022-ல் கேரள அரசு ஊராட்சித் தலைவர்களுக்குத் தந்திருக்கிறது. பெரியம்மாவின் நினைவெல்லாம் அதில்தான்.

“ஏஞ்சாமி, உன்ற துப்பாக்கியில பன்னி சாகுமா?”

“சாகாதுங்க பெரிம்மா. காயிதத்துல ஓட்டைதான் விழும்.”

“அதுக்கா இத்தனை காசு? அப்பனுக்குத் தெரியுமா?”

நான் விடை சொல்லவில்லை. படுத்தால் உறக்கம் வரவில்லை. “எவிடெ போயி?” என்ற குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பொய் என்றாவது அட்டையில் விழத்தான் போகிறது. பார்க்குமுன் சொல்! எழுந்து அப்பாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டேன்.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “பரீச்சைப் பணம் கட்டக் கடைசி நாள் என்னிக்கு?” என்றார்.

“அடுத்த வெள்ளிங்கப்பா.”

“சரி, போயிட்டு வா. வந்து என்கூட உரிக்க வா” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மூணாறு, அடிமாலி வழியாக இறங்கிப் போய்ச் சேர்ந்தேன். அதற்கடுத்த காலை போட்டி, 60 குண்டுகள். முதல் குண்டிலேயே நெஞ்சு அடித்த அடியில் வளையம் ஆடியது. “இடப்பக்கம், மேலே, ஏழு” என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஏழுதான். அந்தக் கணத்தில் அச்சம் பாதி குறைந்தது. இரண்டு முறை துப்பாக்கியைத் தாழ்த்தி மூச்சு வாங்கினேன். முடிவில் 600-க்கு 521. பரிசுப் பட்டியலின் பக்கத்தில்கூட என் பெயர் இல்லை.

ஊர் திரும்பி நான்கு நாள் தோப்பில் அப்பாவோடு நின்றேன். கடப்பாரையில் காயைக் குத்தித் திருகும்போது தோள் வலித்தது. உரித்த காய்களை எண்ணிக்கொண்டே அப்பா கேட்டார்: “எத்தனை வாங்கினே?”

“அறுநூத்துக்கு ஐந்நூத்து இருபத்தொண்ணுங்கப்பா.”

அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

“எழுபத்தொம்பது காய் வீணாப் போச்சு. அடுத்த தடவை குறைச்சுக்கோ.”