சோழவரத்து ஃபியட், தென்காசிப் பட்டறை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையோரம் இருக்கிறது அந்தப் பட்டறை. சாரல் பருவத்தில் அங்கே மூச்சுவிட நேரமிருக்காது. ஐந்தருவிக்கு ஏறும்போது கிளட்ச் கருகிய சுற்றுலா வேன், புளியரை எஸ் வளைவில் பிரேக் காய்ந்துபோன காய்கறி லாரி என ஒன்று மாற்றி ஒன்று வந்து நிற்கும். இவற்றுக்கு நடுவே, சக்கரங்கள் கழற்றப்பட்டு ஸ்டாண்டின் மேல் நின்றது ஒரு பழைய ஃபியட் 1100. அண்மையில் கைமாறிய வண்டி. சோழவரத்தில் ரேஸ் ஓடியது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம்தான் சோழவரம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. ஓடுபாதை திறக்கும்வரை தமிழ்நாட்டில் கார் ரேஸ் என்றாலே சோழவரம்தான். வெளிநாட்டு ரேஸ் கார்கள் சீறிய அதே தளத்தில், ஊருக்குள் ஓடும் ஃபியட்டுகளும் நம் மெக்கானிக்குகளின் கைவேலையை நம்பி இறங்கின.

“இதுவும் அங்கே ஓடியதென்று எப்படி நம்புவது?” என்று கேட்டேன். பட்டறை மேஸ்திரி பதில் சொல்லாமல் ஆயில் சம்ப்பின் டிரெயின் போல்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் தலையில் குறுக்கே ஒரு சிறு துளை. அதிர்வில் போல்ட் கழன்றுவிடாதபடி கம்பி கோத்து முறுக்கிக் கட்டுவதற்கான துளை. “டாக்ஸிக்கு எவன் அண்ணாச்சி மெனக்கெட்டு இத போடுவான்?”

அடுத்த சாட்சி சிலிண்டர் ஹெட். 1089 சிசி என்ஜினின் அலுமினிய ஹெட்டை வெர்னியரில் அளந்து காட்டினார். நன்றாகச் சீவியிருக்கிறார்கள். அடிப்பரப்பைச் சீவினால் எரியறை சுருங்கும், கம்ப்ரஷன் ஏறும், இழுவை கூடும். ஆனால் எவ்வளவு சீவினார்கள், அதற்கு ஈடாக வேறு எதை மாற்றினார்கள் என்பது எந்த மேனுவலிலும் கிடையாது. ரேஸ் வண்டியில் கம்பெனிக் கணக்கு பாதிதான் செல்லும். மீதியை, முன்பு கைவைத்த மெக்கானிக் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துத்தான் பிடிக்க வேண்டும்.

வண்டி வந்த அன்றே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கச் சொன்னாராம் உரிமையாளர். மேஸ்திரி மசியவில்லை. பல வருஷம் கிடந்த என்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு துருவேறி ஒட்டியிருக்கும். செல்ஃப் அடித்தால் உடைந்துவிடும். ப்ளக்குகளைக் கழற்றி, ஆயில் ஊற்றி ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்த்தபிறகுதான் என்ஜினை இறக்கினார்கள்.

ஆனால் முதலில் முடிக்கப்போவது என்ஜினை அல்ல, பிரேக்கை. “ஓடுதது பெரிசில்ல, நிக்கணும்லா.” மலைப்பாதை வண்டிகளைப் பார்த்துப் பழகியவரின் பேச்சு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சும்மா நிற்கும் வண்டியில் அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும். “ஏல, அந்தச் சிலிண்டர எடு” என்றார் கையாளிடம். உள்ளே விரல் விட்டேன்; அம்மைத் தழும்புபோல் குழி குழியாகத் தட்டுப்பட்டது. எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், கசிவு நிற்காது. ஒன்று ஸ்லீவ் அடிக்க வேண்டும், இல்லை புதுசு போட வேண்டும்.

பெட்ரோல் ஹோஸ்களும் மொத்தமாக மாறுகின்றன. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் தாங்காது. பெயின்ட் வேலை சாரல் ஓய்ந்தபிறகுதான். ஈரக் காற்றில் அடித்தால் பூச்சு வெளுத்துப்போகும்.

மேஜை மேல் ஒரு நோட்டு கிடந்தது. கழற்றியது, அளந்தது, மாற்றியது எல்லாம் பால்பாயின்ட்டில். பழைய மெக்கானிக் ஒரு வரிகூட எழுதிவைக்காமல் போனதில் வந்த எரிச்சலில் மேஸ்திரி இதைத் தொடங்கினாராம். வண்டியோடு நோட்டும் போகும். ஹெட்டின் கனத்தை எழுதிய பக்கத்தில், அடுத்து வருபவருக்காகச் சிவப்பு மையில் ஓர் உத்தரவு: “இதுக்கு மேல சீவாதே.”