வெங்காயத்தின் ஆயுள் ரேகை

மும்பை-புசாவல் ரயில் பாதையில் நாசிக்கைத் தாண்டிச் சிறிது நேரத்தில் வருகிறது லாசல்காவ். ஆசியாவின் மிகப் பெரிய வெங்காயச் சந்தை என்று பெயரெடுத்த ஊர். வெங்காயம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்க, வியாபாரிகள் கூட்டமாக வண்டிக்கு வண்டி நகர்கிறார்கள். ஒருவர் குவியலுக்குள் கையை விட்டு நாலைந்தை எடுக்கிறார். கட்டை விரலால் கழுத்தை அமுக்குகிறார். கழுத்து இறுகி, மேல்தோல் காகிதமாகக் காய்ந்திருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். மெத்தென்றிருந்தால் உள்ளே ஈரம். பின்னாலேயே அழுகல் வரும். சற்று நேரத்தில் குவிண்டாலுக்கு விலை முடிந்துவிடுகிறது.

தாங்குவதுதான் இங்கே தரம். மழைக்கால வெங்காயம் நெடுநாள் நிற்காது. கோடையில் அறுவடையாகும் ரபி வெங்காயம்தான் அக்டோபர் வரை நாட்டின் அடுப்படிகளுக்குக் கைகொடுக்கிறது. அதை வைத்துக் காக்கத்தான் கிராமங்களில் ‘காந்தா சாள்’ - தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்களில் இடைவெளி விட்டுச் சட்டமடித்த நீளமான கொட்டகை. வெங்காயத்தின் சுபாவம் விசித்திரமானது. பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரிலும் உறங்கும், 25 முதல் 30 டிகிரி வெப்பத்திலும் உறங்கும். இடைப்பட்ட குளுமையில்தான் முளைவிடும். எனவே மின்சாரமின்றிக் காற்றே காவல். அப்படியும் எடை குறைந்து, அழுகி, முளைத்து மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகலாம்.

முளையைத் தடுக்க பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002-ல் இங்கேயே ஒரு நிலையத்தை அமைத்தது. கோபால்ட்-60-இன் காமா கதிர்கள் சிறிதளவு பட்டாலே குருத்து அடங்கிவிடும். ஆனால் அழுகலையும் எடையிழப்பையும் கதிர் தடுக்காது. நிலையத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது என்னவோ மாம்பழம்தான்: பூச்சி நீக்கக் கதிரூட்டிய பழங்கள் 2007-ல் இங்கிருந்து அமெரிக்கா போயின.

எந்தக் கொட்டகையாலும் காக்க முடியாதது விலை. 1998 தில்லி தேர்தலில் வெங்காய விலை ஆளுங்கட்சியைக் கவிழ்க்க உதவியதை அரசியல்வாதிகள் மறக்கவில்லை. 2023 ஆகஸ்டில் விலை ஏறத் தொடங்கியதுமே ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி விழுந்தது. வியாபாரிகள் ஏலத்தைப் புறக்கணித்தார்கள். நல்ல விலைக்காக நான்கு மாதம் எடையிழப்பைப் பொறுத்திருந்த விவசாயியின் கணக்கு ஒரே நாளில் பொய்த்தது.

கழுத்தைத் தொட்டு வெங்காயத்தின் ஆயுளைச் சொல்லும் விரல்கள் லாசல்காவில் ஏராளம். தில்லியின் அடுத்த உத்தரவு எப்போது வரும் என்று சொல்லத்தான் ஆளில்லை.