அப்பாருவின் துப்பாக்கி

போதமலை அடிவாரத்து நிலக்கடலைக் காட்டில் பன்றி விரட்ட எங்கள் அப்பாரு வைத்திருந்தது ஒற்றைக்குழல் துப்பாக்கி. அவர் மறைந்ததும், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். அப்பா பெயருக்கு உரிமம் கிடைத்த பின்புதான் அது வீடு திரும்பியது.

அதன் கட்டை முன்பே பிளந்திருந்தது. ஊர் ஆசாரி ஒட்டித் தர முன்வந்தார். ஆனால் உரிமம் பெற்றவர் தவிர வேறெவரும் துப்பாக்கியைப் பழுது பார்க்கலாகாது. சேலத்தில் ஒருவரிடம் கொண்டு சென்றோம். "புதுக் கட்டையே போட்டுவிடலாம்" என்றார் அவர். அப்பத்தா இசையவில்லை. அப்பாரு கன்னம் பதித்துத் தேய்ந்த வழவழப்பு புது மரத்தில் வருமா? அவர் சலித்துக்கொண்டே பசையிட்டு, பித்தளை ஆணி இறக்கி இறுக்கினார்.

குழலின் உள்ளே துரு குழி பறித்திருந்ததால் இனிச் சுடவே கூடாதாம்! அப்பா முகம் வாடியது. அப்பத்தாவுக்கோ, எங்களுக்கும்தான், அதுவே நிம்மதி.

2024 தேர்தலின்போது அதை மறுபடியும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். அப்பாருவின் பழைய வேட்டியில் சுற்றித்தான் அப்பத்தா அனுப்பினார்.