பத்துக்குப் பத்து அறையில் ஒரு கிக்

சாலிகிராமத்தில் ஒரு மொட்டை மாடி அறை. நீளம் பத்தடி, அகலம் பத்தடி, அண்ணாந்து பார்த்தால் உயரமும் ஏறக்குறைய அதே. மேசையில் லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஏழங்குல ஸ்பீக்கர் இரண்டு. சுவர் முழுக்க முட்டை அட்டை. பகலில் வங்கி வேலை, இரவில் டெக்னோ என்று வாழும் ஒரு பெண்ணின் அறை இது. அவர் செய்த ட்ராக் இங்கே கேட்டால் கச்சிதம். தோழியின் காரில் போட்டால் கதவு அதிர்கிறது, வேறெதுவும் கேட்பதில்லை. சினிமா ஸ்டூடியோக்களில் பல வருடம் மிக்ஸிங் செய்த ஒருவர் அதைச் சரிபண்ண வருகிறார் என்று தெரிந்ததும் நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வந்தவர் பாட்டைப் போடச் சொல்லவே இல்லை. முட்டை அட்டையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். “இது மேல் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கும்மா. பேஸுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.” டேப் வைத்து அறையை அளந்தார். பிறகு 56 ஹெர்ட்ஸில் ஒரே சீரான ஒலியை ஓடவிட்டு என் பக்கம் திரும்பினார். “சார், சும்மா எந்திரிச்சு அறைக்குள்ள நடங்க.”

நடந்தேன். கட்டிலோரம் சுவரை ஒட்டி நின்றபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. மூலையில் இன்னும் மோசம். அங்கிருந்து உள்ளே வர வர ஒலி வற்றிக்கொண்டே போய், அறையின் நடுவில், அந்தப் பெண்ணின் நாற்காலி இருந்த இடத்தில், அநேகமாக ஒன்றுமே இல்லை. அணைத்துவிட்டாரோ என்று ஸ்பீக்கரைப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கு எளிது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பாதி அலை அளவெடுத்தாற்போல் உட்காரும் அதிர்வெண் 56 ஹெர்ட்ஸ். சுவரோரம் அது பெருகும், நடுவில் செத்துப்போகும். நீள அகல உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் இதே எண்ணில் இதே கோளாறு. பாட்டுக் கேட்க இதைவிடக் கெட்ட வடிவம் கிடையாது. டெக்னோவில் கிக் என்னும் பெரிய டிரம்மின் அடிச்சத்தமோ பெரும்பாலும் 50-க்கும் 60-க்கும் நடுவில். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் காதில் கிக் விழவே இல்லை. ஏற்றியிருக்கிறார், இன்னும் ஏற்றியிருக்கிறார். கார்தான் உண்மையைச் சொன்னது.

நாற்காலியையும் மேசையையும் முன்னால் தள்ளினோம். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு தோராயக் கணக்கு ஒலிக்காரர்களிடம் உண்டு; இந்த அறைக்கு நாலடிக்குச் சற்றுக் குறைவு. மூலைகளில், ஆலைகளில் கொதிகலனுக்குச் சுற்றும் ராக்வூலைத் துணியில் பொதிந்து கனமாக நிறுத்தச் சொன்னார். புது ப்ளக்இன் வாங்க வைத்திருந்த பணம் அதற்குப் போகட்டும் என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி ரஹ்மான் கட்டிய பஞ்சதன் ஸ்டூடியோவையும் வீட்டு ஸ்டூடியோ என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அது ஒலிக்காகவே கட்டியது. வாடகை அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டது அல்ல.

பிறகுதான் ட்ராக்கைத் திறந்தார். எல்லா ஃபேடரையும் அடிமட்டத்துக்கு இறக்கினார். நாற்பது சொச்சம் சேனல்கள் ஒரே இழுப்பில் ஊமையானபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதலில் கிக். ரோலண்ட் நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த டிஆர்-909 டிரம் மெஷினின் கிக் அது. இத்தனை வருடம் கழித்தும் டெக்னோ அதை விட்டு நகரவில்லை. அடுத்து பேஸ். அதன் கீழ் ஸ்வரம் ‘ஏ’, அதாவது 55 ஹெர்ட்ஸ். கிக்கும் அங்கேயேதான் நிற்கிறது.

இதற்கு சைட்செயின் வைத்தியம். பேஸ் சேனலில் சத்தத்தை அமுக்கும் கம்ப்ரஸரைப் போட்டு, அதை இயக்கும் வேலையைக் கிக்கிடம் கொடுத்துவிடுவது. டவுன் பஸ்ஸில் கண்டக்டருக்கு ஒதுங்கி வழிவிட்டு, அவர் போனதும் கூட்டம் பழையபடி நிறைவதுபோல, கிக் விழும்போதெல்லாம் பேஸ் அமுங்கி எழுகிறது. நிமிடத்துக்கு 126 அடி. ஒரு கிக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் 476 மில்லிசெகண்ட். அதற்குள் பேஸ் திரும்பியாக வேண்டும். திரும்பும் நேரத்தைத் தீர்மானிக்கும் ரிலீஸ் குமிழைத் திருப்பத் திருப்பப் பாட்டின் நடையே மாறியது. குறைத்தால் படபடப்பு, கூட்டினால் பாட்டுக்கு மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சு வாங்கலையே ருசியாக்கிக் காட்டியவர்கள் டாஃப்ட் பங்க் போன்ற பிரெஞ்சு ஹவுஸ்காரர்கள். “எனக்கு லேசா வாங்கட்டும் அண்ணா” என்றார் அந்தப் பெண். அப்படியே விட்டார்.

மற்ற சேனல்கள் வேகமாக நடந்தன. கீழ்ச் சத்தம் தேவையில்லாதவற்றில் எல்லாம் அதை வெட்டினார், 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொழகொழத்த இரண்டு சின்த்தைக் குறைத்தார், ரிவெர்ப் பாதியாகப் போனது. பிறகு, இடது வலதை ஒன்றாக்கும் மோனோ பொத்தான். அறை முழுக்க விரிந்து கிடந்த பேட் ஒலி காணாமலே போய்விட்டது! அகலம் கூட்டும் ப்ளக்இன் ஒன்று இடது வலதில் ஒன்றைத் தலைகீழாக்கியிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் விடை பூஜ்யம். ஹெட்ஃபோனில் இது சிக்காது, இரண்டு காதும் கடைசிவரை சந்திப்பதே இல்லை. போனில் போட்டபோது பேஸ் மறைந்தது. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு 55 ஹெர்ட்ஸ் எட்டாது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் ஏற்றினார். 110, 165, 220 என்று மேல் மடங்குகள் முளைத்தன. அவற்றைக் கேட்ட மூளை, இல்லாத 55-ஐத் தானே போட்டு நிரப்பிக்கொண்டது. அன்று கேட்டதில் எனக்கு மிகப் பிடித்த மோசடி இது.

மாஸ்டரிங்குக்கு வந்தபோது இருட்டியிருந்தது. அந்தப் பெண் ஏற்கெனவே செய்து வைத்திருந்த மாஸ்டரில் லிமிட்டர் எல்லாவற்றையும் நசுக்கி, அலைவடிவம் செங்கல் சுவராக நின்றது. பாட்டின் ஒட்டுமொத்தச் சத்தத்தை அளக்கும் மீட்டர் மைனஸ் 6 எல்.யு.எஃப்.எஸ். என்றது. “எதுக்கு இவ்வளவு?” “சத்தமா இருந்தாத்தான் அண்ணா கெத்தா இருக்கு.” அது அவர் குற்றமில்லை. சத்தம் குறைந்தால் காது பேஸை முதலில் கைவிடும் என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஏற்றினால் எதுவும் நன்றாகத்தான் தெரியும். 2008-ல் மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னடிக்’ ஆல்பத்தை இப்படி நசுக்கியதற்கு ரசிகர்களே சண்டைக்கு வந்தார்கள்.

அந்தப் பெண் நசுக்கிய மாஸ்டரையும் நசுக்காத மிக்ஸையும் அண்ணன் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிப் போட்டார். நசுக்கியதில் கிக் அட்டையைத் தட்டுவதுபோல் சப்பென்று இருந்தது. ஸ்பாட்டிஃபை எப்படியும் பாட்டை மைனஸ் 14-க்குச் சமன் செய்கிறது. மைனஸ் 6-ல் கொடுத்தால் எட்டு டெசிபல் இறக்கிவிடும், நசுங்கியது நசுங்கியதாகவே இருக்கும். புது லிமிட்டரில் உச்சியை மைனஸ் 1 டெசிபலில் கட்டினார். கிளப்புக்கு மைனஸ் 9-ல் ஒன்று, ஸ்ட்ரீமிங்குக்கு அதைவிடத் தளர்வாக ஒன்று.

கடைசியில் கீழே நின்ற தோழியின் காருக்கு இறங்கினோம். கதவு அதிரவில்லை, ஹைஹேட் கேட்டது, பேட் கேட்டது. “கிக்கை இன்னும் ஒரு டெசிபல் இறக்கலாம்” என்றார் அண்ணன். முடியாது என்றார் அந்தப் பெண். “இது பாட்டும்மா, கிக் விளம்பரம் இல்ல.” “டெக்னோ அண்ணா. கிக்தான் பாட்டு.” அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணின் கட்சி. இறக்கவில்லை.