நூறிலிருந்து ஏழு

2012 கோடையில் என் அண்ணா வேலை செய்யத் தகுதியானவர் என்று கடிதம் வந்தது. தேவையான புள்ளிகள் 15, அவருக்குக் கிடைத்தது 0. கடிதத்தை நான்தான் பிரித்தேன். கபில நிற உறை எதையும் அவர் தொடுவதில்லை.

அண்ணா தொண்ணூறுகளில் கொழும்பில் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டு மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தவர். லண்டனுக்கு வந்து அகதி அந்தஸ்துக் கிடைத்ததும் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலைக்குப் போனார். காய்ச்சலோடும் வேலைக்குப் போன மனிதன். 2009 ஏப்ரலில், ஊரில் போரை நிறுத்தச் சொல்லி, பாராளுமன்றச் சதுக்கத்தில் சனத்தோடு சனமாய்ப் போய் நின்றார். மே மாதம் முள்ளிவாய்க்காலில் எங்கள் சின்னம்மாவின் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அவரால் பெற்றோல் ஷெட்டின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. நித்திரை போனது. யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் போய் ஒடுங்கினார். குடும்ப மருத்துவரான ஜிபி மருந்து எழுதி, மனநலக் குழுவுக்கும் அனுப்பினார். நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான ஈஎஸ்ஏ என்ற கொடுப்பனவு கிடைத்தது. பிறகு மறுமதிப்பீடு வந்தது.

அரசாங்கம் ஒப்பந்தம் கொடுத்திருந்த ஒரு தனியார் நிறுவனத்தின் அறை. மதிப்பிட்டவர் ஒரு தாதி. கணினித் திரையில் வந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டார். எப்படி வந்தீர்கள்? தொலைக்காட்சி பார்ப்பீர்களா? யார் சமைப்பது? பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79, 72, 65 என்று அண்ணா மூச்சு விடாமல் சொன்னார். போதும் என்று தாதி சொன்ன பிறகும் நிறுத்தாமல் 2 வரைக்கும் போனார். அறிக்கையில் எழுதியிருந்தது: கவனம் நன்று, கண்ணைப் பார்த்துப் பேசினார், நடுக்கம் இல்லை, உடை ஒழுங்கு. அந்தச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுவிட்டது நான். அதைக் கேட்க அங்கே கேள்வி இருக்கவில்லை.

அந்த மதிப்பீட்டில் மொத்தம் 17 செயல்கள், மனம் சம்பந்தப்பட்டவை 7. நோயின் பெயருக்கு ஒரு புள்ளியும் கிடையாது. ஜிபி தந்த கடிதத்தில் மன அதிர்ச்சி நோய், கடும் மனச்சோர்வு என்று இரண்டு வரி இருந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் பழகிய இடத்துக்காவது தனியாகப் போவாரா, முன்பின் தெரியாத ஒருவரோடு கதைக்க முடியுமா, அன்றாட ஒழுங்கில் சின்ன மாற்றம் வந்தால் தாங்குவாரா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. புள்ளிகள் முழுவதும் அந்தக் கேள்விகளில்தான் இருந்தன.

இதை எனக்கு விளங்கப்படுத்தியவர், அப்பீலுக்காகச் சட்ட உதவி மையத்தில் எங்கள் கோப்பை எடுத்த பெண். சுயாதீனமான ஒரு மனநல மருத்துவர் அண்ணாவைப் பார்த்து எழுத வேண்டும் என்றார். பல நூறு பவுண் செலவு. அப்பீல் முடியும்வரை அண்ணாவுக்கு வந்தது வாரம் 71 பவுண். அந்த நேரம் பெனிபிட் வழக்குகளுக்கும் அரச சட்ட உதவி இருந்தது, நிபுணர் அறிக்கைக்கும் அதிலிருந்து பணம் எடுக்க முடிந்தது. மருத்துவருக்கு அந்தப் பெண் எழுதிய கடிதத்தைப் பார்த்தேன். நோயாளியா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு செயலையும் தனித்தனியாகக் கேட்டிருந்தார். கடைசியில், வேலைக்குத் தகுதியானவர் என்று விட்டால் இவருடைய உடலுக்கோ மனதுக்கோ பெரிய ஆபத்து வருமா என்றும் கேட்டிருந்தார். புள்ளி கிடைக்காதவரையும் காப்பாற்றக்கூடிய விதி ஒன்று சட்டத்தில் உண்டு, அதற்காக.

அண்ணா முதலில் சம்மதிக்கவில்லை. "திரும்பவும் முதலிலையிருந்து சொல்லோணுமோ, தங்கச்சி?" என்று கேட்டார். குடிவரவு அதிகாரிக்கு, அகதி வழக்கின் மருத்துவருக்கு, மனநலக் குழுவுக்கு என்று எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டார். சித்திரவதைப்பட்ட ஒருவரை, அவர் பட்டதை நம்புவதற்காக மறுபடி மறுபடி அதற்குள் அனுப்புவது கொடுமை. அதை நான் இன்றும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். "ஓம் அண்ணா, சொல்லத்தான் வேணும், நானும் பக்கத்தில இருப்பன்" என்றேன்.

அந்த மருத்துவர் முதலில் செய்தது, அண்ணாவுக்குக் கதவு தெரியும்படி கதிரையைத் திருப்பிப் போட்டது. ஜிபி பதிவுகளை ஏற்கெனவே வாசித்திருந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். அவரும் நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னார், அண்ணாவும் அதே வேகத்தில் சொன்னார். இவர் மேலும் ஒன்று கேட்டார்: இவ்வளவு வேகம் எங்கே பழகியது?

அண்ணா கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "உள்ளுக்கை இருக்கேக்கை அவங்கள் வாற சத்தம் கேட்டா கழிக்கத் தொடங்குவன். கூட்டுறது லேசு, மனம் மற்றப் பக்கம் ஓடிடும். கழிச்சா வேற ஒண்டும் நினைக்கேலாது."

ஒரே வீட்டில் இருந்த எனக்கே இது தெரியாது. தாதியின் அறிக்கையில் நல்ல கவனம் என்று பதிவான கணக்கு, இந்த அறிக்கையில் பயம் வரும்போது தன்னைப் பிடித்துவைக்க அவர் கண்டுபிடித்த வழி என்று பதிவானது. அன்று அந்த முதல் அறையில் அவர் 2 வரை போனது, அவ்வளவு பயந்திருந்ததால்.

அறிக்கையில் எங்களுக்குச் சாதகமில்லாததும் இருந்தது. மருந்தை நேரத்துக்கு எடுக்கிறார், தனக்குச் சோறு காய்ச்சுகிறார் என்று எழுதியிருந்தார். எனக்கு மனம் பதறியது. நிபுணரின் கடமை தீர்ப்பாயத்துக்கு, பணம் கொடுத்தவருக்கு அல்ல, அதனால்தான் மிச்சத்தையும் நம்புவார்கள் என்று அந்தப் பெண் சொன்னார். 2013 தொடக்கத்தில் ஹோபனில் உள்ள ஃபொக்ஸ் கோர்ட்டில் விசாரணை. ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர். இருவரும் அறிக்கையை வாசித்துவிட்டே வந்திருந்ததால் தடுப்பைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. தனியாக வெளியே போக முடியாமைக்கு 9, தெரியாதவர்களோடு பழக முடியாமைக்கு 9 என்று அன்றைக்கே முடிவைக் கையில் தந்தார்கள்.

அந்த ஏப்ரல் 1ஆம் திகதியோடு பெனிபிட் வழக்குகளுக்கான சட்ட உதவி இங்கிலாந்தில் ஏறக்குறைய முழுவதும் நின்றது. எங்கள் கோப்பைப் பார்த்த பெண்ணின் வேலையும் போனது. மே மாதம் மேல் தீர்ப்பாயம், இந்த மதிப்பீட்டு முறை மனநோய் உள்ளவர்களைப் பெரிதும் பாதகத்துக்கு உள்ளாக்குகிறது என்று தீர்ப்பளித்தது. டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே ஆண்டில் வடக்கு லண்டனில் மைக்கல் ஓ'சலிவன் என்பவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வேலைக்குத் தகுதியானவர் என்ற முடிவே தூண்டுதல் என்றும், சிகிச்சையளித்த மருத்துவர்களின் கருத்தை மதிப்பிட்டவர் கணக்கில் எடுக்கவில்லை என்றும் மரண விசாரணை அதிகாரி மேரி ஹஸல் 2014இல் எழுதினார். அந்தச் செய்தியை வாசித்த அன்று அண்ணாவின் அறைக்கதவை நான் பூட்ட விடவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்களின் அப்பீல்களுக்கு நான் கூடப் போகத் தொடங்கினேன். ஒருவரிடமும் நிபுணர் அறிக்கை இல்லை. இருப்பது ஜிபியின் இரண்டு வரி, சிலரிடம் அதுவும் காசு கொடுத்து வாங்கியது. 1998ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 20ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தீர்ப்பாயம் தானே ஒருவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி அறிக்கை எடுக்கலாம் என்கிறது அது. நான் எழுதும் ஒவ்வொரு அப்பீல் கடிதத்திலும் அதைக் கேட்கிறேன். பெரும்பாலும் மறுப்புத்தான் வருகிறது. ஒருமுறை, மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் வழக்கில், நீதிபதி அறிக்கைக்குச் சம்மதிக்கவில்லை, ஆனால் விசாரணையை ஒத்திவைத்து மனநலக் குழுவின் பதிவுகள் முழுவதையும் எடுப்பித்தார். அவற்றை வாசித்த பிறகு அந்த அம்மாவிடம் அவர்கள் கேட்டது இரண்டே கேள்விகள். அவருக்கு 15 கிடைத்தது.