அந்த 61-வது பிள்ளை!

எங்கள் ஆபீஸுக்குக் கல்வி மந்திரி யார் தெரியுமோ? சாட்சாத் அடியேன்தான்! பதினோரு மணி டீக்கு நாலு பேர் சேர்ந்தால் போதும்... அரசுப் பள்ளிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிடுவேன்.

"2015-ல அலகாபாத் ஐகோர்ட் என்ன சொல்லுச்சு? உத்தரப்பிரதேசத்துல அரசாங்கச் சம்பளம் வாங்கறவங்க அத்தனை பேரும் தங்க பிள்ளைங்களை அரசு ஆரம்பப் பள்ளியிலதான் சேர்க்கணும்னு சொல்லுச்சு. நடந்துச்சா? தீர்ப்பு பேப்பர்லயே தூங்குது. கலெக்டர் பையன் வந்து உட்கார்ந்தா மறுநாளே குழாய்ல தண்ணி கொட்டும் சார்!"

கைதட்டாத குறை. டீக்கும் அவர்களே காசு கொடுத்துவிடுவார்கள்.

அந்த ஜூன் மாதம் என் சட்டைப் பாக்கெட்டில் இருந்ததை மட்டும் நான் யாரிடமும் காட்டவில்லை. ஒன்று, என் மகளை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க டவுன் இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் அப்ளிகேஷன். இன்னொன்று, ஃபீஸ் கட்ட மனைவியின் வளையல்களை வைத்த நகைக்கடன் ரசீது!

என் அம்மா எங்கள் ஊர் ஒன்றியத் துவக்கப் பள்ளியில் 26 வருஷம் சத்துணவு சமைத்தவள். எம்.ஜி.ஆர். 1982-ல் கொண்டுவந்த திட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வேளை சோறு போட்டது என்றால், எனக்கு இரண்டு வேளை. மதியம் அந்தச் சோறு, ராத்திரி அம்மாவின் சம்பளத்தில் வாங்கிய அரிசி. நான் படித்ததும் அதே பள்ளியில்தான். அப்ளிகேஷனைப் பார்த்தபோது அம்மா ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"கோர்ட்டு, கலெக்டர் பிள்ளைன்னெல்லாம் பேசுவியே... உன் பிள்ளை?"

"நான் பிரைவேட் கம்பெனிம்மா!" என்று தப்பித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, "முருங்கைக்கீரை பறிச்சிருக்கேன். ஸ்கூல்ல குடுத்துட்டு வரலாம், வண்டியை எடு" என்றாள். போனேன். அதே வேப்பமரம். உள்ளே ஒரே ரூமில் மூன்று வகுப்பு. ஒரு வட்டம் சத்தமாக வாசிக்கிறது, ஒரு வட்டம் கணக்குப் போடுகிறது, மூன்றாவது வட்டம் என்னை வேடிக்கை பார்க்கிறது.

"ரெண்டு டீச்சர்தான் சார். இன்னொருத்தங்க பயிற்சிக்குப் போயிட்டாங்க. இன்னிக்கு அஞ்சு வகுப்புக்கும் நான்தான்" என்றார் எச்.எம். அம்மா. கையில் செல்போன். வருகைப் பதிவை அதில் ஏற்ற வேண்டுமாம்.

"மூணாவது டீச்சர் கேட்கக் கூடாதா?" என்றேன், அதே டீக்கடைக் குரலில்.

"2009 கல்வி உரிமைச் சட்டத்துல கணக்கு இருக்கு சார். 60 பிள்ளை வரைக்கும் 2 டீச்சர். 61-லேர்ந்து 90 வரைக்கும் 3. நம்ம ஸ்கூல்ல இப்ப சரியா 60. ஆகஸ்ட் 1-ம் தேதிக் கணக்குக்குள்ள இன்னும் ஒரே ஒரு பிள்ளை வந்துட்டா போஸ்ட் கேட்டு எழுதிடுவேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள்.

பிள்ளை குறைந்தால் டீச்சர் குறைவு. டீச்சர் குறைந்தால் இன்னும் நாலு பிள்ளை டவுனுக்கு ஓடும். பஸ்ஸிலிருந்து முதல் ஆளாக இறங்கிவிட்டு, 'பஸ் ஏன் காலியா ஓடுது?' என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்தான்!

ராத்திரி மனைவியிடம் விஷயத்தை எடுத்தேன். உண்மையான எதிர்க்கட்சி அங்கேதான் இருந்தது.

"சேர்த்த பிறகும் டீச்சர் வரலேன்னா? போன வருஷம் திரும்பி வருமா? உங்க கணக்கை ரொப்பறதுக்கு அவ என்ன 61-வது நம்பரா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பாத்ரூம் பூட்டிக் கிடக்கும்னு நாள் பூரா தண்ணி குடிக்காம படிச்சவ நான். உங்களுக்குப் பேசறது சுலபம்" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. நிஜமாகவே இல்லை.

மறுநாள் அவளே அம்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "டீச்சர் நல்லா சொல்லித் தராங்க. பாத்ரூமுக்குக் கதவு இருக்கு, தாழ்ப்பாள் இல்லை. குழாய் இருக்கு, தண்ணி இல்லை. ஒரு வருஷம் பார்க்கலாம். ஆனா மூணு கண்டிஷன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நீங்க லீவு போட்டாவது போகணும். தினம் ராத்திரி அரை மணி நேரம் அவளை வாசிக்க வைக்கணும். மூணாவது... டீக்கடையில வாயைத் திறக்கக் கூடாது!"

மேலாண்மைக் குழு என்பதும் அதே சட்டத்தில் உள்ளதுதான். முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து அம்மாக்கள். நான் போட்டது கேஷுவல் லீவு. அவர்கள் விட்டு வந்தது அன்றைய கூலி! இரண்டு வருஷமாகத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வாய் வார்த்தையாக. காகிதத்தில் யாரும் எழுதவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே! 'பொருள்: குடிநீர்க் குழாய் தொடர்பாக' என்று ஆரம்பித்து, பெற்றோர் கையெழுத்தும் கைரேகையும் வாங்கி, நகல் எடுத்து, ஒன்றிய ஆபீஸில் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். மூன்று நினைவூட்டல் கடிதங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் தண்ணீர் வந்தது. தாழ்ப்பாள் என் கைக்காசு... சின்னச் செலவுதான்.

மூன்றாவது டீச்சர் வந்துவிட்டார் என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. இன்னும் வரவில்லை. அதற்குத் தனி ஃபைல், தனி நினைவூட்டல். மனைவியின் ஒரு வருஷக் கெடுவும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. மகள் மட்டும் பஸ்ஸில் போகும்போது கடை போர்டுகளை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வருகிறாள். ஒன்றையும் விடுவதில்லை.

ஆபீஸில் கேட்கிறார்கள், "என்ன சார், கல்வி மந்திரி இப்பல்லாம் பேசறதே இல்லை?"

"இலாகா மாத்திட்டாங்க. இப்ப நான் குழாய் மந்திரி!" என்கிறேன்.

டீக்கு மட்டும் இப்போது நான்தான் காசு கொடுக்கிறேன்.