இடது கை, வலது கை

2021-ல் கொரோனா வந்து போனதிலிருந்து என் மனைவிக்கு வாசனை தெரிவதில்லை. காபி, ரசம், மல்லிகை எதுவும் கிடையாது. கேஸ் லீக்கானால்கூட நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் ஒரு ஜனவரியில் டெல்லிக்குக் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனபோது, பெண் கொடுத்திருந்த இரண்டு சென்ட் பாட்டில்களை என்னிடம் நீட்டினாள். "எது சாயந்திரத்துக்கு நல்லாருக்கும்? நீங்கதான் மோந்து பார்த்துச் சொல்லணும்."

என் இடது மணிக்கட்டில் ஷாலிமார், வலதில் ஓப்பியம். இரண்டும் குளிர்காலச் சரக்கு. சென்னையில் மே மாதம் இவற்றைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினால், கூட வருபவர்கள் முதல் மாடியிலேயே இறங்கிவிடுவார்கள். வெயிலில் வாசனை மொத்தமாகக் கிளம்பி முகத்தில் அடிக்கும். குளிரில் வனிலா, பிசின் போன்ற கனமான சமாசாரங்கள் உடம்புச் சூட்டில் மெல்ல மெல்ல வெளியே வரும்.

ஷாலிமார் 1925-ல் ழாக் கெர்லான் பாரிஸில் கொண்டுவந்தது. பெயர் மொகலாயத் தோட்டத்துடையது. முதல் பத்து நிமிஷம் பெர்கமாட், அதாவது ஏர்ல் கிரே டீயில் வருமே, அந்தப் பழத்தோல். அப்புறம் வனிலா. செடியில் காய்த்தது மட்டுமல்ல, அதைவிடத் தூக்கலான எத்தில் வனிலின் என்ற செயற்கைச் சரக்கும் உண்டு. லேசாகப் புகை, கொஞ்சம் தோல்பை. பட்டுப்புடவை பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோ ஐஸ்கிரீம் சாப்பிட்ட மாதிரி.

ஓப்பியம் 1977-ல் ஈவ் செயின்ட் லாரன்ட் வெளியிட்டது. 'அபினி' என்று பெயர் வைத்ததற்கு அமெரிக்காவில் சீன வம்சாவளியினர் போராட்டமே நடத்தினார்கள். கிராம்பு, பட்டை, பின்னாலேயே சாம்பிராணி மாதிரி பிசின். நமக்கு முன்னால் அது ஹாலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அரை மணி கழித்து மறுபடி மோந்து பார்த்தேன். என் ஓட்டு ஷாலிமாருக்கு. "இதுதான். பக்கத்துல வர்றவங்களுக்கு மட்டும் தெரியும்" என்றேன்.

"எங்க, காட்டுங்க" என்று இடது கையை இழுத்து மூக்கருகே வைத்துக்கொண்டாள். உதட்டைப் பிதுக்கினாள். வலது கையில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"என்னமோ இருக்கே... கிராம்பா?"

ஜெர்மன் டாக்டர் தாமஸ் ஹும்மல் 2009-ல் ஒரு பயிற்சியைச் சோதித்து வெளியிட்டார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. நான்கையும் காலையும் இரவும் முகர வேண்டும். என் மனைவி ஆறு மாதம் செய்துவிட்டு, அலுத்துப்போய் நிறுத்தியிருந்தாள்.

ஒரு சிக்கல். கிராம்பின் யூஜெனால் வாசனை நரம்போடு, காரம், எரிச்சல் உணர்கிற நரம்பையும் தொடும். அவளுக்குத் தெரிந்தது வாசனையா, வெறும் சுருக்கா? கேட்க வாய்வரை வந்தது.

"கிராம்பேதான்" என்றேன்.

ஓப்பியத்தையே போட்டுக்கொண்டாள். கழுத்தில் இரண்டு, சால்வையில் மூன்று. அந்தக் குளிரிலும் டாக்ஸி டிரைவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.